சாக்லேட் வகுப்பு எங்கே தொடங்குகிறது?

பயணம் செல்லும் ஊரில் அரை நாளை ஒதுக்கி ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்வது இன்றைய சுற்றுலாவின் பழக்கமாகிவிட்டது. மண்பாண்டம் வனைதல், துணியில் அச்சிடுதல், உள்ளூர்ச் சமையல் என நீளும் இந்தப் பட்டியலில் சாக்லேட் செய்யும் வகுப்புக்குத் தனி வரவேற்பு உண்டு. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ், மெக்சிகோவின் ஒவஹாக்கா, பெருவின் குஸ்கோ ஆகிய நகரங்களில் பல ஆண்டுகளாக நடைபெற்றுவரும் இவ்வகுப்பு, இப்போது நம் நாட்டில் கோகோ விளையும் மலைப்பகுதிகளுக்கும் வந்துவிட்டது. இரண்டு அல்லது மூன்று மணி நேரம் வறுத்து, புடைத்து, அரைத்து, அச்சில் வார்த்து, முடிவில் தாம் செய்த சாக்லேட்டைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் செல்லலாம்.

உணவு வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர்கள் இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கையால் செய்து பார்ப்பதும் வரலாற்றை அறியும் வழிகளுள் ஒன்று என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்து. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பமேலா ஸ்மித் 2014இல் தொடங்கிய ஆய்வுத்திட்டம், 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கைப்பிரதி ஒன்றில் உள்ள தொழிற்குறிப்புகளை மாணவர்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் மீண்டும் செய்து பார்த்தது. வாசிப்பில் புலப்படாத பல செய்திகள் செய்கையில் புலப்பட்டன. ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. நம் கையில் கொடுக்கப்பட்ட பொருளைப் பற்றி மட்டுமே கை நமக்குச் சொல்லும். அப்பொருள் கைக்கு வந்து சேர்வதற்கு முன் என்ன நடந்தது என்பதை அது அறியாது.

எனவே, சாக்லேட் வகுப்பை ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது, அது எங்கே தொடங்குகிறது என்பதே. பிரஸ்ஸல்ஸ் வகுப்புகள் பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்த ஆயத்தச் சாக்லேட்டை உருக்குவதில் தொடங்குகின்றன. பூரணம் வைத்த பிராலின் என்னும் சாக்லேட் 1912இல் ஜான் நொய்ஹாஸின் கடையில் உருவான நகரம் அது. அங்கே கைத்திறன் என்பது வார்ப்பிலும் பூரணத்திலும்தான். ஒவஹாக்கா, குஸ்கோ வகுப்புகள் உலர்ந்த கோகோக் கொட்டையை வறுப்பதில் தொடங்குகின்றன. ஒவஹாக்கா நகரில் அரைபடும் கோகோ பெரும்பாலும் தபாஸ்கோ, சியாபாஸ் மாநிலங்களிலிருந்து வருவது. குஸ்கோ நகரமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே கோகோ மரம் வளராது. தாழ்ந்த பள்ளத்தாக்கான கில்லாபம்பாப் பகுதியிலிருந்து கொட்டை வர வேண்டும். ஆக, ஒரு வகுப்பு தொடங்கும் புள்ளி, உலகச் சாக்லேட் வணிகச் சங்கிலியில் அந்நகரம் எந்தக் கண்ணியாக இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

இந்த விதி நம் நாட்டில் பிறழ்கிறது. இடுக்கி மாவட்டத்தில் நான் கலந்துகொண்ட வகுப்பு நடந்த கூடத்தின் சன்னலுக்கு வெளியே கோகோ மரங்கள் காய்த்து நின்றன. ஆனால் வகுப்பு தொடங்கியது குஸ்கோவில் தொடங்கும் அதே இடத்தில்: தட்டில் பரப்பிய உலர் கொட்டையில். மரங்களைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். பாடத்தில் அவற்றுக்கு இடமில்லை. காய் விளையாத ஊர்களுக்காக உருவான ஒரு பாடத்திட்டம் காய் விளையும் ஊருக்கு அப்படியே வந்து சேர்ந்தது எப்படி என்பதை, வகுப்பின் படிநிலைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தே விளங்கிக்கொள்ள முடியும்.

வறுப்பதும் புடைப்பதும்

கோகோ மரத்துடன் மனிதருக்கு ஏற்பட்ட உறவின் மிகப் பழைய சான்று, ஈக்வடார் நாட்டின் மேல் அமேசான் பகுதியில் உள்ள சாந்தா ஆனா லா ஃப்ளோரிடா என்னும் இடத்திலிருந்து கிடைத்திருக்கிறது. அங்குக் கிடைத்த கலங்களில் ஒட்டியிருந்த எச்சங்களை ஆராய்ந்தோர், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே கோகோ பயன்பாட்டில் இருந்ததாக 2018இல் அறிவித்தனர். எனினும், கொட்டையை வறுத்து அரைத்துப் பருகும் பண்பாடு செழித்தது மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் உள்ளடக்கிய மெசோஅமெரிக்க நிலப்பரப்பில். குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்னும் இடத்தில் 1984இல் கண்டெடுக்கப்பட்ட 5ஆம் நூற்றாண்டு மாயா மட்கலம் ஒன்றில் 'கக்காவ்' என்னும் சொல் எழுதப்பட்டிருந்தது. எழுத்தை டேவிட் ஸ்டூவர்ட் வாசித்தறிந்தார். கலத்தின் உட்புற எச்சத்தில் கோகோவுக்கு உரிய தியோப்ரோமின் இருப்பதை வேதியியல் ஆய்வு உறுதி செய்தது. கலத்தின் மேல் எழுதப்பட்ட பெயரும் உள்ளே இருந்த பொருளும் ஒன்றையொன்று மெய்ப்பித்த அரிய நிகழ்வு இது.

கொட்டை உணவாக மட்டும் இருக்கவில்லை, காசாகவும் இருந்தது. 1545இல் த்லாஸ்காலாவில் எழுதப்பட்ட விலைப்பட்டியலின்படி ஒரு நல்ல வான்கோழிப் பெட்டைக்கு 100 கொட்டைகள். பெரிய தக்காளி ஒன்றுக்கு ஒரு கொட்டை. காசு என்றால் கள்ளக்காசும் உண்டு அல்லவா? 16ஆம் நூற்றாண்டில் துறவி சகாகுன் தொகுத்த புளோரன்ஸ் சுவடி, போலிக் கொட்டை செய்து விற்போரின் உத்திகளை விரிவாகவே பதிவு செய்கிறது. வகுப்பில் ஒரு கைப்பிடிக் கொட்டையை வாணலியில் போடும்போது, ஒரு காலத்தில் அது ஒருவரின் சந்தைச் செலவுக்கான பணமாக இருந்தது என்பது நினைவில் நிற்கட்டும்.

வறுத்த கொட்டையின் தோல் எளிதில் உடையும். உடைத்ததை முறத்தில் இட்டுப் புடைத்தால் தோல் பறந்து பருப்பு நிற்கும். பல வகுப்புகளில் இதற்கு முடி உலர்த்தும் மின்கருவியைத் தருகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் எவருக்கும் அதன் தேவை இராது. அடுத்து வருவது அரைத்தல். மெசோஅமெரிக்காவில் இதற்குப் பயன்பட்ட 'மெட்டாட்டே' என்னும் கல் நம் அம்மியின் உறவினர் எனலாம். மூன்று கால்களில் சற்றுச் சாய்வாக நிற்கும். குழவியைப் போன்ற நீள்கல் ஒன்று அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும். கல்லின் அடியில் தணல் வைத்தால் கோகோவில் உள்ள கொழுப்பு இளகி, பொடி மெல்ல மெல்லக் குழம்பாகும். அங்கும் மண்டியிட்டு அமர்ந்து அரைத்தவர்கள் பெண்களே. 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய மாயாக் குவளை ஓவியம் ஒன்றில், ஒரு பெண் உயரத்திலிருந்து ஒரு கலத்தின் பானத்தை மற்றொரு கலத்தில் ஊற்றி நுரை எழுப்புகிறாள். காப்பி ஆற்றிப் பழகிய நம் கண்ணுக்கு அந்தக் காட்சி அந்நியமானதன்று.

பானம் வில்லையாக மாறிய நூற்றாண்டு

வகுப்பின் முடிவில் நாம் எடுத்துச் செல்லும் கெட்டியான வில்லை, இந்த நெடிய வரலாற்றில் மிகப் பிந்திய வரவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கோகோ பெரும்பாலும் பருகப்படும் பொருளாகவே இருந்தது. அதனை மாற்றியவை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சில இயந்திரங்கள். 1826இல் சுவிட்சர்லாந்தின் பிலிப் சூசார், சூடான கருங்கல் தட்டின்மேல் கருங்கல் உருளைகள் ஓடும் 'மெலாஞ்சர்' என்னும் கலவை இயந்திரத்தை அமைத்தார். 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம், அரைத்த கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றது. பிழிந்தபின் எஞ்சியது கோகோப் பொடி; பிரிந்து வந்தது கோகோ வெண்ணெய். அந்த வெண்ணெயைச் சர்க்கரையுடனும் கோகோவுடனும் மீண்டும் சேர்த்து அச்சில் வார்க்கலாம் என்பதை 1847இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் செய்து காட்டியது. 1875இல் டேனியல் பீட்டர் பால் சாக்லேட்டை உருவாக்கினார். 1879இல் ரொடால்ஃப் லிண்ட், மணிக்கணக்கில் கிளறி அரைத்து வழுவழுப்பைக் கொடுக்கும் இயந்திரத்தைக் கண்டறிந்தார்.

ஏறத்தாழ ஐம்பதே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் விளைவு சுவையோடு நிற்கவில்லை. கோகோவை அரைத்துப் பருகும் வீட்டுவேலை ஆலைத்தொழிலாயிற்று. கொட்டையைச் சாக்லேட்டாக மாற்றும் அறிவும் அதன் இலாபமும் ஐரோப்பிய நகரங்களில் குவிந்தன. கோகோ விளையும் நாடுகளின் பங்கு, உலர்ந்த கொட்டையை மூட்டையில் கட்டிக் கப்பலேற்றுவதோடு முடிந்தது. மூட்டையைப் பிரிக்கும் இடத்தில் தொடங்கும் இன்றைய வகுப்பின் பாடத்திட்டம் இந்தப் பிரிவினையின் நேர் வாரிசு.

வகுப்பில் ஆசிரியர் மிகுந்த கவனத்துடன் கற்பிப்பது 'டெம்பரிங்' என்னும் வெப்பப் பதம். கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிக வடிவங்களில் உறையக் கூடியது. இதனை 1966இல் வில், லட்டன் ஆகியோர் ஆய்வின் மூலம் வகைப்படுத்தினர். இவற்றுள் ஐந்தாம் வடிவமே பளபளப்பையும், ஒடிக்கும்போது கேட்கும் 'டக்' என்ற ஓசையையும் தருவது. கறுப்புச் சாக்லேட்டைச் சுமார் 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை உருக்கி, 27 அல்லது 28 பாகைக்குக் குளிரவிட்டு, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு உயர்த்த வேண்டும். பளிங்குப் பலகையின்மேல் சாக்லேட்டைப் பரப்பியும் வழித்தும் இதனைச் செய்யும்போது கை உண்மையாகவே சிலவற்றைக் கற்றுக்கொள்கிறது. ஒரு பாகை வேறுபாடு குழம்பின் பிசுபிசுப்பில் எப்படித் தெரியும் என்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்க இயலாது. கைத்திறன் என்னும் சொல்லுக்கு இது முற்றிலும் தகுதியானது. அதே தகுதி இன்னொரு திறனுக்கும் உண்டா என்பதைப் பின்னர்க் காண்போம்.

கோவையிலிருந்து சென்ற கல்

அதற்கு முன், வகுப்பின் நடுவில் இடைவிடாமல் சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உருண்டையான எஃகுப் பாத்திரம், அதன் அடியில் கருங்கல் தளம், அதன்மேல் உருளும் இரு கருங்கல் உருளைகள். ஆசிரியர் அதனை மெலாஞ்சர் என்றே அறிமுகப்படுத்துவார். தமிழ் மாணவர் எவரும் அதனை முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொள்வார்: அது இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர்.

ஆட்டுக்கல்லின் வேலையை மின்விசைக்கு மாற்றிய கிரைண்டரை 1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கினார் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. கோவைப் பகுதியில் கிடைக்கும் கருங்கல்லும், பஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்த பட்டறைத் தொழிலும், மோட்டார் உற்பத்தியும் ஒன்றுகூடியதால் அவ்வூர் இத்தொழிலின் தலைமையிடமாயிற்று. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டிருக்கிறது. 2000களின் முற்பகுதியில், அமெரிக்காவில் வீட்டிலேயே கொட்டையிலிருந்து சாக்லேட் செய்ய முயன்றவர்களுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. ஆலைகளின் இயந்திரங்கள் டன் கணக்கில் அரைப்பவை. மிக்ஸியோ கொட்டையை நறநறப்பாகத்தான் அரைக்கும். நாக்கு துகளை உணராமலிருக்க வேண்டுமானால் அதன் அளவு ஏறக்குறைய 20 முதல் 30 மைக்ரானுக்குள் அமைய வேண்டும். இந்தியக் கிரைண்டரைப் பல மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டால் அந்த அளவை எட்டலாம் என்று அவர்கள் கண்டறிந்தனர். மாவுக்கு அரை மணி நேரம் ஓடும் இயந்திரம், சாக்லேட்டுக்கு ஒரு நாளும் இரண்டு நாளும் ஓட வேண்டியிருந்தது. அதற்கேற்ப மோட்டாரும் பிற பாகங்களும் மாற்றியமைக்கப்பட்டன. சிறு அளவில், கொட்டை முதல் வில்லை வரை தாமே செய்யும் கைவினைச் சாக்லேட் இயக்கம் பல நாடுகளில் பரவியதற்கு இந்தக் கல் ஒரு முதன்மைக் காரணம்.

சூசாரின் இயந்திரமும் கோவைக் கிரைண்டரும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இன்றைய வகுப்பறைகளில் சுழல்வது சூசாரின் வழிவந்ததன்று; ஆட்டுக்கல்லின் வழிவந்தது. அது பிரெஞ்சுப் பெயருடன் இடுக்கிக்கு வந்து நிற்பதில் வேடிக்கையோடு ஒரு பாடமும் உண்டு. 'மெலாஞ்சர்' என்றால் அது கைவினைஞரின் கருவி. 'கிரைண்டர்' என்றால் அது அடுக்களைச் சாமான். பொருள் ஒன்றாயினும், பெயர் அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. உழைப்புக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது.

வகுப்புக்கு முந்தைய ஏழு நாட்கள்

பறித்த கோகோக் காயை உடைத்தால் உள்ளே வெண்ணிறச் சதை போர்த்திய முப்பது நாற்பது விதைகள் இருக்கும். சதை இனிக்கும், விதை கசக்கும். அவ்விதையை அப்படியே உலர்த்தி வறுத்தால் சாக்லேட்டின் மணம் வராது. அம்மணத்தின் தொடக்கம் நொதித்தலில் இருக்கிறது. சதையோடு கூடிய விதைகளை மரப்பெட்டியில் நிரப்பியோ, குவித்து வாழையிலையால் மூடியோ வைக்கிறார்கள். ஈஸ்ட் முதலில் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னர் வரும் பாக்டீரியாக்கள் அதனைப் புளிக்காடியாக மாற்றும்போது குவியலின் வெப்பம் 45 பாகைக்கு மேல் ஏறும். விதையின் முளை மடியும். உள்ளிருக்கும் புரதமும் சர்க்கரையும் சிதைந்து, பின்னர் வறுக்கும்போது மணமாக மலரப்போகும் மூலக்கூறுகளாகும். ஐந்து முதல் ஏழு நாட்கள் நடக்கும் இந்த வேலையில் எப்போது கிளற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வாசனையாலும் நிறத்தாலும் தொடுகையாலும் அறிய வேண்டும். ஒரு நாள் தவறினால் முழுக் குவியலும் கெடும். பின்னர் வரும் எந்தப் பளிங்குப் பலகையாலும் அதனைச் சீராக்க முடியாது.

டெம்பரிங்கில் கை கற்றுக்கொள்ளும் நுட்பத்தைவிட இது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் நான் கலந்துகொண்ட வகுப்பில் நொதித்தல் ஒரு படத்தாளில் இடம்பெற்றது. இரண்டு நிமிடங்களில் கடந்து சென்றது. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. மூன்று மணி நேர வகுப்பில் ஏழு நாள் வேலையைச் செய்ய இயலாது. ஆனால் ஒரு நாள் ஓட வேண்டிய கிரைண்டரும் அந்த நேரத்துக்குள் அடங்காததே. அதற்கு வழி கண்டிருக்கிறார்கள்: முந்தைய நாளே அரைத்த குழம்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பெட்டி ஒன்றையும் ஐந்தாம் நாள் பெட்டி ஒன்றையும் அருகருகே வைத்து, மாணவரின் கையை அந்தச் சூட்டில் வைக்கச் சொல்வது அதைவிடக் கடினமானதன்று. அவ்வாறு செய்யத் தோன்றாததன் காரணம் நேரமின்மை அன்று. நொதித்தல் 'வேளாண்மை' என்றும், வார்த்தல் 'கைவினை' என்றும் பிரிக்கப்பட்டிருப்பதே காரணம்.

யாருடைய கை

அந்தப் பிரிவினைக்குக் கொடுக்கப்பட்ட விலையை வரலாறு பதிவு செய்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சாக்லேட் ஆலைகளின் கோகோவில் கணிசமான பங்கு, போர்த்துகீசிய ஆட்சியிலிருந்த சாவ் தோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து வந்தது. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்திருந்தும், அங்கோலாவிலிருந்து 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்ற பெயரில் கொண்டுவரப்பட்டோர் ஊர் திரும்ப முடியாத நிலையில் அங்கு உழைத்தனர். இச்செய்தி 1901இலேயே கேட்பரி நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. 1906இல் ஹென்றி நெவின்சன் தம் பயண நூலில் அதனை வெளிப்படுத்தினார். கேட்பரியும் தன் சார்பில் ஜோசப் பர்ட் என்பவரை அனுப்பி ஆராய்ந்தது. கேட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ நிறுவனங்கள் அக்கோகோவை வாங்குவதை நிறுத்தியது 1909இல்தான். இந்தக் காலத்தாழ்வைச் சாடிய ஒரு செய்தித்தாளின் மீது கேட்பரி அவதூறு வழக்குத் தொடுத்து வென்றது. நடுவர் குழு வழங்கிய இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு.

டிரினிடாட் தீவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1845 மே 30 அன்று ஃபாடெல் ரசாக் என்னும் கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை அங்கு இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கென வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்தபின் கோகோ நிலங்களுக்குச் சென்றனர். காட்டைத் திருத்திக் கன்று நட்டு, அது காய்க்கும்வரை வளர்த்துக் கொடுத்தால், காய்க்கும் மரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலவுடைமையாளர் பணம் தரும் முறை அங்கு நிலவியது. இன்றைய உயர்தரச் சாக்லேட் உறைகளில் பெருமையுடன் அச்சிடப்படும் 'டிரினிடாரியோ' என்னும் கோகோ வகை அத்தீவின் பெயர் கொண்டது. அம்மரங்களை வளர்த்த கைகளின் பெயர் எந்த உறையிலும் இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட், அதாவது இன்றைய கானா, வேறொரு பாதையைக் காட்டுகிறது. டெட்டே குவார்ஷி 1879இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த கோகோவைப் பரப்பியவர்கள் ஆப்பிரிக்க விவசாயிகளே. 1911இல் அந்நாடு உலகின் முதன்மைக் கோகோ உற்பத்தியாளராயிற்று. அவ்விவசாயிகள் நிலம் வாங்கி, புலம்பெயர்ந்து, முதலீடு செய்த தொழில்முனைவோர் என்பதைப் பாலி ஹில் 1963இல் வெளியான தம் நூலில் நிறுவினார். கொள்முதல் நிறுவனங்கள் தமக்குள் விலை ஒப்பந்தம் செய்துகொண்டபோது, 1937-38இல் கோகோவை விற்க மறுத்து அவர்கள் போராடினர். கையால் கோகோவை விளைவித்தவர்கள் விலையைத் தீர்மானிக்கவும் முயன்ற அத்தியாயம் அது. அம்முயற்சி முழுமை பெறவில்லை. 2018-19 பருவத்தில் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் கோகோ சார்ந்த வேலைகளில் ஏறத்தாழ 15.6 லட்சம் குழந்தைத் தொழிலாளர் இருந்ததாக, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்க் நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

குற்றாலத்திலிருந்து இடுக்கிக்கு

இந்தியாவுக்குக் கோகோ வந்த வழியும் பேரரசுகளின் வழியே. 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்தனர். தென்கிழக்காசியத் தீவுகளில் அது பரவியது. டச்சுக்காரரிடமிருந்து அம்போன் தீவை ஆங்கிலேயர் 1796இல் கைப்பற்றினர். 1798இல் அத்தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட எட்டுக் கோகோக் கன்றுகள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நறுமணப் பயிர்த் தோட்டம் இருந்த குற்றாலத்தில் நடப்பட்டன. இந்தியாவில் கோகோவின் தொடக்கமாகக் கொள்ளப்படும் நிகழ்ச்சி இது. ஆயினும் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அது வணிகப் பயிராக வளரவில்லை.

வணிகச் சாகுபடி 1960களில் தொடங்கியது. கேட்பரி 1965இல் வயநாட்டின் சுண்டேல் என்னும் ஊரில் செயல்விளக்கப் பண்ணை ஒன்றை அமைத்தது. தென்னைக்கும் பாக்குக்கும் இடையே ஊடுபயிராகக் கோகோ கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் பரவியது. 1979-80ஐ ஒட்டி உலகச் சந்தையில் விலை சரிந்தபோது தனியார் கொள்முதல் சுருங்கியது. பறித்த காய்க்கு வாங்குவோர் இல்லாத நிலை ஏற்பட்டது. பலர் மரங்களை வெட்டினர். பாக்கு விவசாயிகளுக்காக 1973இல் மங்களூரில் தொடங்கப்பட்ட காம்ப்கோ என்னும் கூட்டுறவு அமைப்பு அந்நெருக்கடியில் கோகோக் கொள்முதலில் இறங்கியது. பின்னர் 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையையும் திறந்தது. விளைவிப்போரின் கூட்டுறவே சாக்லேட் செய்யும் நிலையை எட்டியது, உலகக் கோகோ வரலாற்றில் அதிகம் பேசப்படாத சாதனை.

விலையின் ஊசலாட்டம் ஓயவில்லை. பல ஆண்டுகள் டன் ஒன்றுக்கு 2,500 டாலர் அளவில் இருந்த நியூயார்க் முன்பேர விலை, 2024 மார்ச்சில் 10,000 டாலரையும் அதே ஆண்டு டிசம்பரில் 12,000 டாலரையும் தாண்டியது. கேரளத்தில் ஒரு கிலோ உலர் கொட்டை ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்றது. 2025இல் விலை மீண்டும் பெருமளவு இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தில் விவசாயிக்கு ஓரளவு பிடிமானம் தரக்கூடியது தரமான நொதித்தல். கேரளச் சந்தையில் பச்சைக் கொட்டைக்கு ஒரு விலை, உலர் கொட்டைக்கு வேறு விலை. நன்கு நொதித்த கொட்டைக்குக் கைவினைச் சாக்லேட் செய்வோர் கூடுதல் விலை தருகிறார்கள். எனவே நொதித்தலைத் திறனாக ஏற்பதா, வெறும் கூலிவேலையாகப் பார்ப்பதா என்பது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. ஒரு குடும்பத்தின் வருமானம் அதில் அடங்கியிருக்கிறது.

காயும் கிரைண்டரும் அருகருகே இருக்கும் இடங்கள் உலகில் நெடுங்காலம் அரிதாகவே இருந்தன. 19ஆம் நூற்றாண்டு பிரித்த இரண்டு பாதிகளும் இன்று இடுக்கியிலும் பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் பகுதியிலும் ஒரே ஊரில் சந்திக்க முடிகிறது. இத்தகைய ஊர்களில் நடைபெறும் வகுப்பு, பிற நாட்டு நகரங்களின் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அது காயை உடைப்பதில் தொடங்கலாம். நொதிக்கும் பெட்டியின் அருகே அதனைக் கவனிப்பவரே ஆசிரியராக நிற்கலாம். வகுப்புக் கட்டணத்தில் அவருக்கும் ஒரு பங்கு சேரலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் உடனடி வேலை ஒன்று காத்திருக்கிறது. சுண்டேல் பண்ணையைப் பார்த்துக் கன்று நட்டவர்களும், 1980ஐ ஒட்டிய சரிவில் அவற்றை வெட்டியவர்களும் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். எத்தனை நாள் மூடி வைத்தார்கள், எந்த வாசனை வந்ததும் பெட்டியைத் திறந்தார்கள், கொள்முதல் நின்ற வாரத்தில் பறித்த காயை என்ன செய்தார்கள் என்பவை நிறுவன அறிக்கைகளில் கிடைப்பவை அல்ல. விடுமுறையில் அந்தப் பக்கம் சென்று சாக்லேட் வகுப்பில் சேரும் மாணவர்கள், வகுப்பு முடிந்ததும் அரை நாள் கூடுதலாகத் தங்கி அவர்களில் ஒருவரையேனும் கண்டு பேசிப் பதிவு செய்யட்டும். மலையாளமும் துளுவும் கன்னடமும் தமிழும் புழங்கும் அந்நிலப்பரப்பில், இந்தப் பணிக்கு மொழியறிந்த மாணவர்கள் பலர் தேவை.